கூட்டிப் போட்ட வயது

செவ்வாய்க்கிழமை. கண்டியில் நாள் முழுக்க மழை.

கொரோனா மரணங்களை வயதுவாரியாகப் பிரித்த அட்டவணையை இன்று சுகாதார அலுவலகத்தில் முடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் கொரோனாவில் இறந்ததை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் வேண்டுமாம். அடையாள அட்டைப்படி அவருக்கு அறுபத்தொரு வயது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பெரும்பாலும் வயசானவங்கதான் போனாங்கம்மா" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

"அவருக்கு வயசாகலீங்க ஐயா. அம்பத்தஞ்சுதான். சின்னப் புள்ளையில தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியணும்னு அவங்கப்பா ஆறு வயசு கூட்டிக் குடுத்துட்டாரு. வீட்டுல பசிங்க."

அட்டையில் உள்ளதைத்தான் எழுத முடியும் என்றேன்.

"பரவாயில்லீங்க. நீங்களாவது தெரிஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறுபதுக்கு மேற்பட்டோர் கட்டத்தை மறுபடி பார்த்தேன். நேற்றுவரை எனக்கு நிம்மதி தந்த கட்டம் அது. இதில் எத்தனை பேரை அவர்களுடைய அப்பாக்கள் வேலைக்காகப் பெரியவர்களாக்கினார்களோ? அட்டவணைக்குக் கீழே, 'தோட்டங்களில் வயது கூட்டிப் பதியப்பட்டவர்களும் இதில் இருக்கலாம்' என்று எழுதி, மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். தேவையில்லாத வரி என்று நாளைக் காலையில் அவர் அழித்துவிடுவார்.

பென்சிலால் எழுதிவிட்டு வந்திருக்கிறேனே, மடையன்.