சின்னவளுக்கு அரை டப்பா

என் லூர்துக்கு,

பன்றிகள் நலம். முதலில் அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் உன் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். நானும் நலம்தான். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரை போடுகிறேன். நம் ஊர் சௌல்தாரியில் விடாத மழை. கொட்டிலின் கூரையில் ஓரிடத்தில் ஒழுகியது, தகரம் வைத்து அடைத்துவிட்டேன்.

நம் சங்கத்து மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ‘அன்பும் பண்பும் அமைதியும் நிறைந்த’ என்று ஆரம்பித்துப் பார்த்தேன். அமைதியா? நீயா? கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுத உட்கார்ந்தேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி லூர்து பன்றித் தீவன ஆராய்ச்சியில் வேலை பார்த்தவள். நான் இதே தீவில், ஜங்ளிகாட்டுத் துறையில் படகு என்ஜின் பார்க்கிற மெக்கானிக். எனக்கும் பன்றிக்கும் ஏழாம் பொருத்தம். ஆபீசில் பார்ப்பது போதாதென்று வீட்டுக்குப் பின்னாலும் இரண்டு பெண் பன்றிகளை வளர்த்தாள். ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கை. பெரியவள், சின்னவள் என்று கூப்பிடுவோம்.

உன் கேள்வி என்ன என்று இப்போது என்னை யார் கேட்டாலும் கடகடவென்று சொல்லிவிடுவேன் தெரியுமா? ஆண் கிடாவோடு சேர்க்கை முடிந்ததும் பன்றிக்குத் தொட்டி நிறையக் கொட்டுவது இங்கே வழக்கம். நிறையத் தின்றால் நிறையக் குட்டி என்று நம்பிக்கை. உனக்கு அதில் சந்தேகம். “சேர்க்கைக்கு முன்னாடி நல்லாப் போடணும், அது சரி. கரு பிடிக்கிற முதல் மாசம் இப்படிக் கொட்டினா நல்லதா கெட்டதா? மெயின்லேண்டு வெள்ளைப் பன்றிக்குப் பார்த்து எழுதியிருக்காங்க. தேங்காயும் தவிடும் தின்கிற நம்ம தீவுப் பன்றிக்கு யாருங்க பார்த்தாங்க?” என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்பாய். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு பன்றியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நீயே சொன்னாய். கேள்வியில் சத்து இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது, சத்து இருந்தால் ஆபீசில் பெரிதாகச் செய்யலாம் என்றாய். இருவரையும் ஒரே கிடாவோடு சேர்த்தாய். அந்த முதல் மாதம் பெரியவளுக்கு ஊர் வழக்கப்படி முழு டப்பா, சின்னவளுக்கு அரை டப்பா. சின்னவளுக்குக் குட்டி குறையாது, வேண்டுமானால் கூடும் என்பது உன் கணக்கு. அந்த வாரமே உன்னைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

உன் கடைசி போன் ஞாபகம் இருக்கிறதா? “சாப்பிட்டீங்களா?” என்றாய். நான் ஆம் என்று சொல்லி முடிப்பதற்குள், “சின்னவளுக்கு அரை டப்பாதானே போட்டீங்க?” என்றாய். கட்டின புருஷனிடம் பேசுகிற கடைசிப் பேச்சா அது? ரொம்ப நாள் எனக்கு அதில் கோபம். ஆனால் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அரை டப்பாதான் போட்டேன், லூர்து.

சும்மா இல்லை அது. சின்னவள் தொட்டியை நக்கி முடித்துவிட்டு என்னையே பார்ப்பாள். பிறகு கத்துவாள். காது கொடுத்துக் கேட்க முடியாது. நாம் தீதி, அக்கா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு லக்கி தீதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். “பாபி இருந்தா இப்படி நடக்குமா? பொண்டாட்டி போன துக்கத்தை வாயில்லா ஜீவன் மேல காட்டறியா?” அவருக்கு நீ எப்போதும் பாபி, அதாவது அண்ணி. எல்லாம் இந்தியில்தான், நடுவில் கொஞ்சம் வங்காளம். நான் பரிசோதனை, ஆராய்ச்சி என்று ஏதோ உளறினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

அப்புறம்தான் எனக்கே அந்தக் கிறுக்கு பிடித்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு சின்னவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். உடம்பும் இளைக்கவில்லை. தட்டிப் பார்க்கிறேன், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. அரை டப்பாவில் இவள் எப்படி உடம்பு வைக்கிறாள்? கரு பிடித்ததும் பன்றியின் உடம்பே செலவைக் குறைத்துக்கொள்ளுமா? என்ஜினை மெதுவாக ஓடவிட்டால் டீசல் கம்மியாகக் குடிக்கும், அதுபோல ஏதாவதா? அவள் அதிகம் தூங்குகிறாளா என்று பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். பன்றி தூங்குவதைப் பார்க்க ஒருத்தன் லீவு போடுவானா? நீ இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய்.

உன்னோடு வேலை பார்த்த ராவுக்கு போன் போட்டு போட்டு அவர் உயிரை எடுத்தேன். “அண்ணா, மேடம்கூட என்னை இவ்வளவு கேள்வி கேட்டதில்லை” என்றார். பொய். நீ இதைவிட அதிகம் கேட்டிருப்பாய்.

போன மாதம் ஒரு மதியம், நல்ல மழையில், பெரியவள் ஒன்பது குட்டி போட்டாள். மறுநாள் சின்னவள் பத்து. பத்தும் உயிரோடு, பத்தும் முட்டி மோதிப் பால் குடித்தன. நனைந்துகொண்டே ராவுக்கு போன் போட்டு, “லூர்து ஜெயிச்சுட்டா!” என்று கத்தினேன். அப்புறம் கொட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

சத்தம் கேட்டு லக்கி தீதி குடையோடு வந்தார். அவர் குரல் கேட்டதுதான் தாமதம், படுத்திருந்த சின்னவள் தலையைத் தூக்கிச் செல்லமாக உறுமினாள். என்னிடம் அப்படி ஒருநாளும் உறுமியதில்லை. தீதிக்கு முகமெல்லாம் பல். “தேக்கா? பார்த்தியா, தேங்காயோட மகிமை!” என்றார்.

“எந்தத் தேங்காய்?”

“நான் போட்ட தேங்காய். நீ பட்டறைக்குப் போனதும் தினம் ஒண்ணு, சில நாள் ரெண்டு. பழைய சோறும் போட்டேன். பேச்சாரி பூக்கீ தீ!” பாவம், பசியோடு கிடந்தாளாம். “பாபி யாரையும் பசியோட விட்டதில்ல. அவ வீட்டுப் பன்னி பட்டினி கிடந்தா அவ ஆத்மா பொறுக்குமா?”

லீவு போட்டு ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்த அன்று மட்டும் போடவில்லையாம்.

அட கடவுளே! தலையில் அடித்துக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். சின்னவள் தின்றது அரை டப்பாவே இல்லை, லூர்து. பெரியவளைவிட ஒரு கை கூடத்தான் தின்றிருக்கிறாள். பத்து குட்டிக்கும் உன் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. ராவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “டிரயல் கயா, அண்ணா. எல்லாம் போச்சு.”

தீதி அழுதுவிட்டார். அவரை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, உன் கேள்வியை முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன், நீ சொல்கிற மாதிரி. கேட்டுவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ உண்மையில எதுதான் சரி? முழுசா, பாதியா?” என்றார்.

தெரியாது என்றேன்.

“தெரியாதுன்னா எப்படி? பார்த்துடணும் இல்ல?” என்றார்.

ஆக, மறுபடி செய்கிறோம். குட்டிகள் பால் மறந்ததும் இருவருக்கும் நல்ல தீனி, அதே கிடா, அதே டப்பா. இந்தத் தடவை சின்னவளுக்கு அளந்து போடப்போவது லக்கி தீதி. திருட்டுத்தனமாகப் போடாமல் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமோ?

இன்னொன்று சொல்ல வேண்டும். தீதி தேங்காய்க் கதையைச் சொன்னபோது கோபம் வந்தது நிஜம். வீட்டுக்குள் வந்து ஈரச் சட்டையை மாற்றும்போது எனக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. விடை கிடைத்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அப்புறம் காலையில் எழுந்து உன்னிடம் என்ன பேசுவேன்? இப்போது இன்னும் நாலைந்து மாதத்துக்குப் பேச்சு இருக்கிறது. இப்படி நினைப்பது தப்பா?

வாக்கு ஒன்று தருகிறேன். இந்த முறை விடை எப்படி வந்தாலும் அப்படியே சொல்வேன். உன் கணக்கு தப்பு என்று வந்தாலும், நீ அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், ஒரு குட்டியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி செய்கிறவன் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று ராவ் சொல்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டதும் நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் வேண்டுதல் வருகிறது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை, லூர்து.

உன் வீட்டுக்காரன்,
சூசை