புஷ்பம், தூமன் துரோகி இல்லை

என் வாயாடிப் புஷ்பத்துக்கு,

நாளைக்கு 'ஒன்பது ஊற்று' கதையின் ஆறாவது பாகம் வருகிறது. ஹட்டன் புத்தகக் கடைக்காரர் நேற்றே போன் பண்ணிவிட்டார். "ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு புத்தகம் எடுத்து வெச்சிருக்கேன், காலையிலயே வந்துருங்க" என்றார். உன் விசயம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க, வந்துடுறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொன்ன மாதிரியே தோன்றவில்லை எனக்கு.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டுச் செய்தி, தோட்டத்துச் செய்தி எல்லாம் பிறகு சொல்கிறேன். முதலில் பெரிய செய்தி. நான் தோற்றுவிட்டேன். ஆமாம்டி, உன் அண்ணிதான். ஒரு நாளும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத உன் அண்ணி மகேஸ்வரி, முழுசாகத் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு சந்தோசமாக இருக்கிறது தெரியுமா?

பக்கத்தில் யாராவது எட்டிப்பார்த்து இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று கொஞ்சம் முன்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள். அண்ணியும் நாத்தனாரும் தோட்டத்து லயத்தில் ஒரே வீட்டில் இருந்தால் எதற்கெல்லாம் சண்டை வருமோ, அதற்கெல்லாம் நாம் சண்டை போட்டோம். தண்ணிக் குடம், கோழி, உன் அண்ணனுக்குக் குழம்பில் புளி கூடியது, எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் 'ஒன்பது ஊற்று' கதை கைக்கு வந்த நாளிலிருந்து நமக்கு வேறு சண்டைக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது. ஒரு காடு, அந்தக் காட்டிலிருந்து பிறக்கும் ஒன்பது ஊற்று, அதைக் குடித்து வாழும் ஒரு நாடு. அந்தக் காட்டுக்குக் காவலன் தூமன். நாலாவது பாகத்தில் எதிரிப் படை வருகிற நேரம் பார்த்து, அந்தத் தூமனே மூன்று நாளில் காடு முழுவதையும் வெட்டிச் சாய்த்துவிட்டு ஓடிப்போகிறான். அரசி ஆழி அவன் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுக்கச் சொல்கிறாள். ஐந்தாம் பாகம் முடியும் வரைக்கும் அவன் தலையே தெரியவில்லை, எதிரிப் படையும் இன்னும் வந்து சேரவில்லை.

ஊர் உலகமே அவனைத் துரோகி என்றது. நானும் சொன்னேன். நீ ஒருத்திதான் இல்லை என்றாய்.

அன்றைக்கு நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேராகப் பிள்ளை மடுவத்துக்கு வந்தாய். வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளுக்கு நான் பால்மா கரைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை நனைந்தபடியே அவிழ்க்காமல் வாசலிலேயே நின்று, "அண்ணி, அவன் காட்ட அழிக்கலங்க. கவ்வாத்து வெட்டியிருக்கான், நாம தேயிலைய மட்டமா வெட்டி விடுவோமே, அது மாதிரி" என்றாய். நான் என்ன சொன்னேன்? "எல்லாத்தையும் தேயிலையாவே பாக்காத புஷ்பம். இது பெரிய கதை" என்றேன்.

பெரிய கதையாம். வட்டவளை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் கடைத்தெருவில் வளர்ந்தவள், ஓ.எல். வரைக்கும் போனவள் என்ற திமிர் எனக்கு. மஸ்கெலியாவுக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருசம் ஆகியும், ஒரு கவ்வாத்து மலையைக் கிட்டப்போய் நின்று பார்த்ததில்லை நான். லயத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் நடந்ததோடு சரி. பஸ்ஸில் போகும்போது தூரத்தில் குச்சிகுச்சியாகத் தெரியும். ஐயோ பாவம் என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான் எனக்கும் தேயிலைக்கும் பழக்கம்.

கதையைப் படிக்கிறவர்களின் அந்த வாட்ஸ்அப் குழுவிலும் நீ அதையே சொன்னாய். உனக்கு எழுத நேரமெடுக்கும் என்பதால் குரலில் பேசி அனுப்பினாய். மூச்சு வாங்க வாங்க, பின்னால் மழைச் சத்தத்தோடு. ஒருத்தன் அதற்குப் பதில் போட்டான்: 'கொழுந்து பறிக்கிறவங்களுக்கு எல்லாக் காடும் தேயிலைத் தோட்டமாத்தான் தெரியும்.' அறுபது எழுபது பேர் சிரித்தார்கள். புஷ்பம், அந்தச் சிரிப்புப் பொம்மைகளில் ஒன்று என்னுடையது. நீ பார்த்தாயா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே நீ குழுவை விட்டு விலகிவிட்டாய், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டி சுட்டு எனக்கும் ஒன்று எடுத்துவைத்திருந்தாய். அதை நான் தின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

ஆனாலும் நீ விடவில்லையே! ஒரு கொப்பித் தாளில் உன் கணிப்புகளை எழுதி, மடித்து, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினாய். "பந்தயம் அண்ணி. தோத்தவ காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்ப, 'நான் தோத்துட்டேன்'னு சத்தம் போட்டுச் சொல்லணும்" என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, குரல் பாதி போன பிறகும், "அண்ணி, நான் இருந்தாலும் இல்லாட்டியும் பந்தயம் பந்தயந்தான்" என்றாயே. அப்போதும் நான் என்ன சொன்னேன் பார், "நீயே வந்து பெரட்டுல கத்து" என்றேன். அழாமல் இருப்பதற்காகச் சொன்னேன். அது உனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் அந்தத் தாளை எடுத்தேன். ஜெயிக்கத்தான் எடுத்தேன், பொய் சொல்லமாட்டேன். நீ இல்லாத வீட்டில் உன்னோடு சண்டை போட எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கையெழுத்து வரிசை தவறாமல் நின்றது. 'தூமன் துரோகி இல்லை. காடு துளிர்க்கும், படை வந்து சேருவதற்கு முன்னாலேயே துளிர்க்கும். குருட்டு ஓடக்காரன்தான் ஆழியின் அப்பா. ஆழி கல்யாணம் கட்டமாட்டாள். அண்ணி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள்.'

அந்தக் கடைசிக் கணிப்பைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு நாலாவது பாகத்தை எடுத்து, காடு வெட்டுகிற அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன், எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்க. உன் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, பத்திரிகையில் தலைப்புக்கு மேல் படித்ததில்லை.

'முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. வெட்டெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு வெட்டிலும் பிசிறு இல்லை. ஒவ்வொரு மரத்திலும் ஓரமாய் ஒரே ஒரு கொப்பு, இலையோடு அசைந்தது' என்று படித்தேன்.

உன் அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. கத்தியைத் திருப்பிப் போட்டுத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "எத்தனாம் நம்பர் மலை?"

"என்னாது?"

"இல்ல, எந்த மலைன்னு கேட்டேன். யாரு வெட்டுனா? நல்லா வெட்டியிருக்கானே."

"இது கதைங்க. ஒரு துரோகி காட்ட அழிக்கிறான்" என்றேன்.

"துரோகியா? அழிக்க வந்தவன் எதுக்குச் சாய்ச்சு வெட்டுறான்? தண்ணி தேங்கி அழுகிறக் கூடாதுன்னுதான் சாய்ச்சு வெட்டுறது. எதுக்கு ஒரு கொப்ப விடுறான்? செடி மூச்சு விடத்தான் விடுறது. அழிக்கிறவன் வேரோட பிடுங்குவான், இல்லாட்டி நெருப்பு வெப்பான். இவன் பொழைக்க வெக்கிறவன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "புஷ்பங்கூட இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அவருக்கும் உன் பெயரைச் சொன்னால் தாங்காது.

மறுநாள் மடுவத்தைப் பூட்டிய கையோடு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை. கிட்டப்போய்க் குனிந்து பார்த்தேன். செத்துப்போனது என்று நான் இருபது வருசமாக நினைத்திருந்த குச்சிகளில், வெட்டுக்குக் கீழே, அரிசி முனை அளவுக்குச் சிவப்பும் பச்சையுமாகத் துளிர். ஒன்றல்ல இரண்டல்ல, மலை முழுக்க. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் புஷ்பம். அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. 'அடிப்பாவி, நீ சொன்னது அத்தனையும் கண்ணுக்கு முன்னால கெடந்திருக்கே' என்று உன்னைத் திட்டினேன். உனக்குக் கேட்டதா?

இனிமேல் ஒரே கேள்விதான் பாக்கி இருந்தது. எப்போது ஒப்புக்கொள்வது? நாளைக்குப் புத்தகம் வந்த பிறகு, தூமன் நல்லவன் என்று அச்சில் பார்த்த பிறகு, 'ஆமாம், புஷ்பம் அப்பவே சொன்னாள்' என்று சொல்ல எவளாலும் முடியும். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. உன்னைப் பார்த்துச் சிரித்தபோது என் கையில் ஆறாவது பாகம் இல்லை. அதனால் ஆறாவது பாகம் இல்லாமலேயே தலை குனிய வேண்டும். அதுதானே நியாயம்?

ஆகவே இன்றைக்குக் காலையில் பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம், பனி இன்னும் விலகவில்லை. எல்லாரும் படங்கும் தலையில் மாட்டிய கூடையுமாக நிற்கிறார்கள். மடுவத்து ஆளுக்கு அங்கே என்ன வேலை? கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா மகேசு, காலங்காத்தால? புள்ளைகளுக்கு ஏதும் சொகமில்லையா?"

"புள்ளைக நல்லாத்தான் இருக்குங்க. ரெண்டு நிமிசம் குடுங்க, ஒரு கடன் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறிவிட்டேன். உன்னோடு கொழுந்து எடுத்த நிரைக்காரிகள் அத்தனை பேர் கண்ணும் என் மேல்தான்.

"நான் தோத்துட்டேன்!" என்று கத்தினேன். "எங்க புஷ்பம்தான் சரி. தூமன் துரோகி இல்ல. அவன் காட்ட அழிக்கல, கவ்வாத்து வெட்டியிருக்கான்!"

பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். எனக்கு எங்கே தெரியும், நீ நாலு வருசமாக நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டே அந்தக் கதையைப் பாகம் பாகமாக அவர்களுக்கு ஓதியிருக்கிறாய் என்று! பின்வரிசையிலிருந்து ராசாத்தி அக்கா குரல்தான் முதலில் வந்தது: "அதத்தான் நாங்க அப்பவே சொன்னோமே! ஒனக்கு இப்பத்தான் வெளங்குச்சா?" அப்புறம் குலவை போட்டாள் பார், எதிர்மலைக்குக் கேட்டிருக்கும். மொத்தப் பெரட்டும் கைதட்டியது. கணக்குப்பிள்ளைகூட, "யாரும்மா அந்தத் தூமன், புதுசா வேலைக்கு வந்த ஆளா?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அந்தச் சூட்டோடு குழுவிலும் போட்டேன். ஏழாம் நம்பர் மலையின் படம், வெட்டின் சாய்வு, ஓரத்துக் கொப்பு, துளிர், எல்லாம். அதற்குக் கீழே உன் பழைய குரல் பதிவு. அதற்கும் கீழே, 'அன்றைக்கு இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. நாளைக்குப் புத்தகம் என்ன சொன்னாலும் சரி, இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்' என்று எழுதினேன். மத்தியானத்துக்குள் முந்நூறு பேர் பேசிவிட்டார்கள். அன்றைக்குக் கிண்டலடித்தவன், 'அக்கா, நான் ஜென்மத்துக்கும் ஒரு செடியைக் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை, மன்னிச்சிடுங்க' என்று எழுதினான். யாரோ உன் கணிப்புக்குப் 'புஷ்பம் கவ்வாத்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் உன் பேரைச் சொல்லி வாதாடுகிறார்கள். மழைச் சத்தத்தோடு உன் குரலை எத்தனை பேர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் தெரியுமா? அவர்கள் சொன்னதையெல்லாம் உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "எந்தங்கச்சி" என்றார்.

ஒருவேளை கதை எழுதினவர் நாளைக்கு வேறு மாதிரி எழுதியிருந்தால்? எழுதட்டும். அப்போது தப்பு அவர் பேரில். அவருக்குக் கவ்வாத்து தெரியவில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ரொம்பவும் துள்ளாதே. ஓடக்காரன் ஆழியின் அப்பா என்பதை நான் செத்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவன் வயசென்ன, இவள் வயசென்ன! அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது.

நாளைக்கு முதல் பஸ்ஸில் ஹட்டன் போகிறேன். மடுவத்தை ஒரு நாளைக்கு ராசாத்தி அக்கா மகள் பார்த்துக்கொள்கிறாள். புத்தகத்தை வாங்கி, உன்னைப் புதைத்த மேட்டுக்கு நேராக வருவேன். உன் நிரைக்காரிகளும் வேலை முடிந்து வருவார்கள். அவர்கள் வருமட்டும் பையைத் திறக்கமாட்டேன். முதல் வரியிலிருந்து, சத்தமாக, ஒரு சொல் விடாமல் படிப்பேன். உன் தாளில் இருக்கிற கடைசிக் கணிப்பை மட்டும் நான் பொய்யாக்கப்போகிறேன். சத்தியமாக, கடைசிப் பக்கத்தைக் கடைசியில்தான் படிப்பேன்.

உன்னிடம் தோற்றதைத் தோட்டமெல்லாம் சொல்லித் திரிகிற,
உன் அண்ணி.