வெள்ளிக்கிழமை லீவு இல்லாத ஊர்

3-7-31, வெள்ளி. வேலூர்.
காலையிலேயே சுள்ளென்று வெயில். கோட்டை அகழியில் தண்ணீர் கம்மி. காலேஜில் சேர்ந்து ஒன்பதாம் நாள், மானம் போன நாள். எழுந்ததும் பழக்கதோஷத்தில் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளி என்றால் லீவு என்று உடம்பே முடிவு செய்துவிட்டது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பெல்லாம் முதலாளிகளின் தொழுகைக்காக வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள். நான் படித்த ஸ்கூலும் அப்படியே. எங்கள் தெருவுக்கு அன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

ஹாஸ்டல் அறையில் என்னோடு இருப்பவன் தாமோதரன், கணியம்பாடி, கரும்புக்காரர் வீட்டுப் பையன். "பொம்பளைங்கதாம்பா வெள்ளிக்கெழம தல முழுவுவாங்க. நீ இன்னா?" என்றான். சீயக்காய் போவதற்குள் முதல் மணி முடிந்தே போனது.

வாங்க வேண்டியது: நிப்பு இரண்டு. மை. விளக்குத் திரி. லாஜிக்குக்கு நோட்டு.

5-7, ஞாயிறு.
காலை ரயிலில் ஆம்பூர். நைனா வீட்டில் இல்லை, ஷாப்பில். தொட்டியில் தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் புரட்டிப் போடும் வேலை, ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். எனக்கு நாலு மணி ரயில், ஏழுக்குள் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். ஷாப் கேட்டில் போய் நின்று பார்த்தேன். மேஸ்திரி விடவில்லை. "வேல நேரத்துல இன்னாப்பா பேச்சு? காலேஜ் புள்ள இங்கெல்லாம் வர்லாமா, போ."

போன ஞாயிறும் இதே கதை. அவருக்கு லீவு உள்ள நாளில் எனக்கு இல்லை. எனக்கு உள்ள நாளில் அவருக்கு இல்லை. சேரும்போது எத்தனையோ யோசித்தோம், இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

8-7, புதன்.
மேகம், மழை இல்லை. இங்கிலீஷ் வாத்தியார் ஏதோ சொன்னார், கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு நொடி தள்ளி. பக்கத்து பெஞ்சுக்காரன் பார்த்துவிட்டான்.

மெஸ்ஸில் சாம்பார். உப்பு ஜாஸ்தி.

இன்றைக்கெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைகள்தான் நினைப்பு. நைனா காலையிலேயே சவரம் செய்துகொண்டு வருவார், ஆளே அடையாளம் தெரியாது. பிறகு நானும் அவரும் பாலாறு. மணலில் கையால் பள்ளம் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர், தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும். குடித்துவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். நான் பக்கத்தில் வறுத்த மல்லாட்டையை, அதுதான் நிலக்கடலையை, தின்றுகொண்டு இருப்பேன். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. எழுந்ததும் "இன்னா, எல்லாத்தயும் துன்னுட்டியா?" என்பார். அவ்வளவுதான். அதற்குப் போய் இப்படி ஏங்குவேன் என்று தெரியாது.

9-7, வியாழன்.
முடிவு செய்துவிட்டேன். காலேஜ் வேண்டாம். ஷாப்பில் தோல் எண்ணி எழுதும் வேலை ஏதாவது கேட்டுக்கொள்ளலாம். கடிதத்தில் சொல்ல வழியில்லை. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதம் வந்தால் ஷாப் குமாஸ்தாவிடம் கொடுத்துப் பத்துப் பேர் நடுவில் உரக்கப் படிக்கச் சொல்வார், பெருமைக்கு. நேரில்தான் சொல்ல வேண்டும். நாளை பரீட்சை. அடுத்த வெள்ளி போகிறேன். கிளாஸ் போனால் போகட்டும்.

12-7, ஞாயிறு.
மழை. ஊருக்குப் போகவில்லை. போய்க் கேட்டைப் பார்த்துவிட்டு வருவதற்கா?

நைனாவிடம் சொல்ல வேண்டியது:
1. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை (பொய்).
2. இங்கிலீஷ் புரியவில்லை (நிஜம்).
3. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை (வாயில் வராது).

17-7, வெள்ளி.
பத்து மணிக்கு வீடு. அம்மா வாசலிலேயே, "இன்னாடா நீ இங்க வந்து நிக்கற? ஒங்க நைனா ஒன்ன பாக்க வேலூர் பூட்டாரே."

திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம நீ வர்லன்னதும் மனுஷனுக்கு இருப்பே கொள்ளல. விடியக்காலம் மொத ரயிலுக்கே கெளம்பிட்டாரு" என்றாள். சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கறி வைத்துப் போட்டாள். மூன்று மணி ரயிலில் திரும்பினேன்.

காட்பாடியில் இறங்கினால் எதிர் பிளாட்பாரத்தில் நைனா. கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை. ஓடினேன். அவர் ரயில் வரக் கால் மணி இருந்தது.

"எங்கடா பூட்ட? ஒன் தோஸ்த் தாமோதரன் நல்ல பையன். மெஸ்ல ஒக்கார வெச்சி சோறு போட்டான். ஒங்க வாத்தியாரு நீ எங்கன்னாரு. வயித்து வலி, டாக்டர் கிட்ட போயிருக்கான்னுட்டேன்."

ஊருக்குப் போயிருந்தேன் என்றேன். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். திட்டக்கூட இல்லை. முகம் அப்படியொரு சந்தோஷத்தில் இருந்தது.

"சாப்பாட்டு நேரத்துல கிளாஸ்ல யாரும் இல்ல. பியூன் கிட்ட கேட்டேன், எம் புள்ள எடம் எதுன்னு. அந்தத் தாமோதரன்தான் காட்டினான். கைய நல்லா கழுவிகினுதான் போய் ஒக்காந்தேன். பெஞ்சு மேல பட்டைக் கறை ஆயிடப் போவுதேன்னு."

அவர் கையைப் பார்த்தேன்.

"ஏந்திரிக்க மனசே வர்லடா" என்றார்.

ரயில் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார். "ஆமா, நீ எதுக்கு இப்ப ஊருக்குப் போன?"

"சும்மாதான் நைனா. ஒன்னப் பாக்க."

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன். மழைச் சாரல் என்று நினைத்துப் பக்கத்து ஆள் ஜன்னல் திரையை இறக்கிவிட்டார்.

20-7, திங்கள்.
வானம் வெளுத்திருக்கிறது. முதல் மணி இங்கிலீஷ். நைனா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். வாத்தியார் பேர் கூப்பிட்டார். "பிரசன்ட் சார்." ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன் பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.