கஞ்சியில் கலந்த பொடி

இன்று மாத்திரை ஆரம்பித்து ஐந்தாம் நாள். இரும்புச் சாவியை வாயில் வைத்திருந்ததைப் போல ஒரு கசப்பு. பல் துலக்கினாலும் போவதில்லை. நீ சொன்னபோது கூட்டிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். இப்போது விளாங்குடி வீட்டில், குடிக்கப் பிடிக்காத காபியை வைத்துக்கொண்டு உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் அதே கிருமிதான். இரைப்பையில் குடியிருந்து புண்ணாக்கும் அந்தச் சுருள் பாக்டீரியாவை இருபது வருடமாக உயிரியல் வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். என் வயிற்றிலேயே அது இருந்தது எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் அறையில், வணிகவியல்காரியான உன் மேசை என் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாய்.

உனக்கு அது வந்தது ரம்ஜான் மாதத்தில். இரண்டு வேளை மருந்துதானே என்று, விடியுமுன் சாப்பிடும் சஹரிலும் நோன்பு திறக்கும்போதும் போட்டுக்கொள்ள டாக்டரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாய். பதினான்கு நாள் மருந்து. நாலைந்து நாளிலேயே வயிறு கலங்கிவிட்டது. அதற்காக நல்ல பாக்டீரியா அடங்கிய பொடிப் பாக்கெட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த வாரம்தான் நோன்பு திறக்க என்னைக் கோரிப்பாளையம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாய். பேரீச்சம்பழம் தின்று, மாத்திரைகளை விழுங்கி, ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சியில் பொடியைக் கொட்டிக் கலக்கினாய். "இப்பிடிக் குடிக்கலாம்லடி?" என்று கேட்டாய்.

நான் சிரித்துவிட்டேன். "உசுரோட இருக்கறத வேக வச்சுக் குடிக்கிறியேடி." உன் நாத்தனார்களும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தப் பொடிக்கெல்லாம் போதிய ஆதாரம் இல்லை, மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம் என்று கஞ்சி ஆறும் வரை பேசினேன். நீ தலையைக் குனிந்தபடி கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாய்.

மறுநாளே பொடியை விட்டாய். ஒன்பதாம் நாள், வயிற்றுப்போக்கு தாங்காமல், மாத்திரைகளையும் விட்டாய். அரைகுறையாக நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்று அறிந்தவள் பக்கத்து மேசையில் இருந்தேன். விஷயம் தெரிந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன். நீ விடைத்தாள் திருத்துவதை நிறுத்தாமலே சொன்னாய்: "நல்லதா கெட்டதான்னா கேட்டேன்? எப்பிடிச் சாப்பிடணும்னுதானடி கேட்டேன். அம்புட்டு நேரம் பேசினியே, அத மட்டும் சொல்லல."

அதன்பின் இரண்டு வருடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த மதியங்கள் உனக்கு வலியில்லாமல் கழிந்திருக்கலாம்.

என் டாக்டரும் அதே மாதிரிப் பொடி எழுதினார். ஆதாரம் கேட்டேன், பழக்கம். "பொடி மட்டும் கிருமியக் கொல்லாது மேடம். வயித்தக் கொஞ்சம் காப்பாத்தும். அப்பத்தான் மாத்திரைய முழுசா முடிப்பீங்க" என்றார். ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துப் பார்த்தேன். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. உனக்கு உதவியிருக்குமா? தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வழியை நான் அடைத்துவிட்டேன்.

நேற்று ஸ்டாஃப் ரூமில் உன் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண் ஏதோ சந்தேகம் கேட்டாள். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சொல்லி முடித்ததும் உனக்கான பதில் வாய்வரை வந்துவிட்டது. மாத்திரை பொடியில இருக்கறதையும் கொன்னுரும், போட்டு ரெண்டு மணி நேரம் போகட்டும்டி. அப்பறம் பொடியப் பச்சத் தண்ணியில கலந்து குடி. கஞ்சிய நிம்மதியாச் சாப்பிடு.