கதவு உள்பக்கமாகவே திறக்கட்டும்

என்னங்க,

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷவருக்குக் கண்ணாடிக் கதவு போடுகிறவர் பத்து மணிக்கு வருவார். நகர்த்துகிற கதவுக்கு இடம் போதாதாம், கீல் வைத்த கதவுதான். "வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி வைங்கம்மா. உள்ள யாராவது வழுக்கி விழுந்தா, ஆளே கதவுக்குக் குறுக்க கிடப்பாங்க, வெளியே இருந்து திறக்கவே முடியாது" என்று மனுஷன் படித்துப் படித்துச் சொன்னார்.

எனக்குத் தெரியாதா? போன மாதம் பழைய கதவுக்குப் பின்னால் கை ஒடிந்து அரை மணி நேரம் கிடந்தவள் நான்தானே. "நடிக்கிறா, விடுடா" என்றார் அத்தை. நீங்களும் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனீர்கள்.

ஆனால் வெளிப்பக்கம் திறந்தால் உங்கள் வாஷிங் மெஷினில் இடிக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்களே. அதனால் உங்கள் இஷ்டப்படி உள்பக்கமே திறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. என் சாவி ஆணியில் தொங்குகிறது. அக்கா வீட்டுக்குப் போகிறேன், கூப்பிட வராதீர்கள்.

இன்னொன்று. இனி அங்கே குளிக்கப்போவது நீங்களும் அத்தையும்தான். ஒருவர் விழுந்து கத்தினால் இன்னொருவர் பதற வேண்டாம். நடிப்பாகத்தான் இருக்கும்.

மறந்துவிட்டேன்: ஷவருக்குக் கீழே வழுக்காமலிருக்கப் போட்டிருந்த ரப்பர் விரிப்பு நான் வாங்கியது. எடுத்துக்கொண்டேன்.