கொசுவலையில் செய்த டிரம்

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையில் மஸ்கட்டில் நான் சுகம். அங்கே சுகமா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. எலக்ட்ரானிக் டிரம்முக்கு நீங்களே செய்த, குச்சியால் தட்டுகிற புது 'பேட்' ஒன்றை நேற்று வீடியோவில் பெருமையாகக் காட்டினீங்களே, அதில் இழுத்துக் கட்டியிருப்பது நம்ம பிள்ளை கெசியாவின் கொசுவலைதானே? நான் தைத்த சிவப்பு நாடா ஓரத்தில் தெரியுது! கேட்டால், "சத்தம் வராதுல்லா, பிள்ளை முழிக்க மாட்டா" என்று சிரிக்கிதீங்க. அவள் காலெல்லாம் தடிப்பு. பக்கத்து வீட்டில் டெங்கு என்று சொன்னதும் நீங்கதான். கோயிலில் வாசிங்க, வேண்டாங்கலை. ஜன்னலுக்கு அடிக்கிற வலை கடையில் கிடைக்காதா?

ஊருக்கு வருகிற சலோமி அக்காவிடம் புதுவலை கொடுத்துவிடுதேன். இதிலும் கத்தரி வைத்தீங்க, லீவு போட்டு வந்து டிரம்மை உடைப்பேன். கட்டியதும் அவள் தூங்குறதைப் படம் எடுத்து அனுப்புங்க, கால் தெரியணும். ஆஸ்பத்திரியில் வார்டு டியூட்டிக்கு நேரமாச்சு.

ரீபா