தவளை துள்ளிய கிணறு

மச்சான்,

இன்று காலை ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் கழற்றப் போயிருந்தேன். மண்கட்டி ஒன்றை உள்ளே போட்டேன். நாலைந்து தவளைகள் தண்ணீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடின. தோட்டக்காரர், "அதான் தவளை துள்ளுதுல்ல, தைரியமா எறங்குங்க" என்றார். நான் விளிம்பிலிருந்து பின்வாங்கினேன்.

நாம் இருவரும் கிணறு கிணறாக அலைந்த காலத்தில் அந்தத் தவளையை எவ்வளவு பார்த்திருப்போம்! பின்னங்காலைப் பரப்பி, கண்ணை மட்டும் வெளியே வைத்து மிதக்கும். ஆள் நிழல் பட்டால் தண்ணீர்மேல் நாலு தத்து, பிறகு முங்கிச் சேற்றில் புதைந்துகொள்ளும். மிதந்துகொண்டே கத்தும், மிதந்துகொண்டே பூச்சி பிடிக்கும். "கரையேறுனாலும் ஒரு காலு தண்ணியிலதான் மாப்ள" என்பீர்கள். அது துள்ளினால் கிணற்றில் விஷவாயு இல்லை என்று நம் தொழில்காரர்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

நாலு வருடம் முன்பு நாம் போன சேவுகம்பட்டிக் கிணறு பல மாதம் இறைக்காமல் கிடந்தது. விளிம்பில் நின்று மூக்கை உறிஞ்சினீர்கள். "செத்த நேரம் பொறு மாப்ள. கடைல மெழுகுவத்தி வாங்கியாந்து கயித்துல கட்டி விட்டுப் பாப்பம்." எனக்கோ வத்தலக்குண்டில் இன்னொரு கிணறு காத்திருந்தது. கட்டியைப் போட்டேன். துள்ளின. "தவளையே உசுரோட கெடக்கு, ஒங்களுக்கு என்ன மச்சான்? எறங்குங்க" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினீர்கள்.

பாதிப் படியில் நின்றீர்கள். அண்ணாந்து என்னைப் பார்த்தீர்கள். "மாப்ள, ஒரு மாதிரி..." அவ்வளவுதான், பிடி நழுவியது. பின்னாலேயே பாயப்போன என்னை மூன்று பேர் அமுக்கிப் பிடித்தார்கள். நான் கத்தக் கத்த நீங்கள் எழவில்லை.

உங்களை மேலே கொண்டுவந்த தீயணைப்புக்காரர் கேட்டார்: "தவளை தண்ணிக்குள்ளயே தோல் வழியா மூச்சு வாங்கும்யா. மேல காத்து கெட்டுக் கெடந்தாலும் அது தாங்கும். அதைப் போயா நம்புனீங்க?" பாவி நான், அது முங்கிக் கிடப்பதைத் தினம் பார்த்தும் இதை யோசிக்கவில்லையே!

இன்று மெழுகுவத்தி கட்டி இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. கீழே தவளைகள் சௌக்கியமாக மிதந்தன. "எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நேராக உங்கள் வீட்டுக்கு, அக்காவிடம் வந்தேன்.

சோறு போட்டபடி அக்கா வழக்கம்போல, "அந்த மனுசன் செத்த பொறுத்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு" என்றாள். நாலு வருடமாக இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். இன்று பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"அவரு பொறுக்கத்தான்க்கா சொன்னாரு. நான்தான் எறங்கச் சொன்னேன்."

அக்கா பொரியல் அள்ளிய வெஞ்சனக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.